நீர்மூழ்கி மோட்டார்: மூன்று கொட்டேஷன்களை எதை வைத்து ஒப்பிடுவது?

முருங்கைத்தோட்டம் (திசையன்விளை)

அனைவருக்கும் வணக்கம். திசையன்விளைக்கு மேற்கே நான்கு ஏக்கரில் முருங்கை வைத்திருக்கிறேன்; முழுவதும் சொட்டுநீர்ப் பாசனம். போர் (ஆழ்துளைக் கிணறு) ஆறரை அங்குலம், ஆழம் 420 அடி, மோட்டார் 360 அடியில் தொங்குகிறது. ஒன்பது ஆண்டுகளாக ஓடும் ஐந்து எச்பி மோட்டார் கடந்த பதினெட்டு மாதங்களில் இரண்டு முறை காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) கருகிவிட்டது. இப்போது ஓடுகிறது என்றாலும், மூன்றாவது முறையும் காயில் கட்டிப் பணத்தைக் கரைப்பதற்குப் பதிலாகப் பங்குனி பிறப்பதற்குள் புதிய மோட்டார் போட்டுவிடலாம் என்று மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன்களை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவு வருவதற்குப் பதில் குழப்பம்தான் கூடுகிறது.

முதல் கம்பெனி: ஐந்து எச்பி, 10 ஸ்டேஜ், அதிகபட்ச ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) 118 மீட்டர், அதிகபட்ச நீர் நிமிடத்துக்கு 330 லிட்டர். இரண்டாவது: ஐந்து எச்பி, 15 ஸ்டேஜ், அதிகபட்ச ஹெட் 165 மீட்டர், அதிகபட்ச நீர் வினாடிக்கு 3.5 லிட்டர், முதல் கம்பெனியைவிட நாலாயிரம் ரூபாய் கூடுதல். மூன்றாவது: ஏழரை எச்பி, 12 ஸ்டேஜ், அதிகபட்ச ஹெட் 150 மீட்டர், அதிகபட்ச நீர் மணிக்கு 25 கனமீட்டர். கடைக்காரர் மூன்றாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார். "பெரிய மோட்டார் கஷ்டப்படாமல் ஓடும், சீக்கிரம் கருகாது" என்பது அவர் சொல்லும் காரணம். மூன்று விளம்பரத் தாள்களிலும் "மற்ற மோட்டார்களைவிட அதிகத் தண்ணீர்" என்று ஒரே வாசகம் அச்சாகியிருப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. இவற்றை எந்த அடிப்படையில் ஒப்பிடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பணகுடி விவசாயி

ஹெட் எந்த மோட்டாரில் அதிகமோ அதையே எடுங்கள் அண்ணாச்சி. நம் பகுதியில் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு கீழேதான் போகிறது. 165 மீட்டர் இருக்கும்போது 118 மீட்டரை எதற்குப் பார்க்க வேண்டும்? இதில் ஒப்பிட வேறு என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய பம்புக்காரர் (பாளையங்கோட்டை)

பணகுடி நண்பர் சொன்ன முடிவு இந்த ஒரு போருக்குச் சரியாக அமையலாம். ஆனால் அவர் சொன்ன காரணத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் மோட்டார் வாங்கினால் ஏமாந்துபோவார். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதிகபட்ச ஹெட் என்பது, வால்வை முழுவதும் மூடிவிட்டு மோட்டாரை ஓட்டினால் அது தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் என்ற கணக்கு. அந்த உயரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வராது. அதிகபட்ச நீர் என்பது உயரமே இல்லாமல், தொட்டிக்குள் வைத்து ஓட்டினால் கொட்டுகிற அளவு. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எந்த மோட்டாரிலும் கிடைக்காது. விளம்பரத் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவது, ஒரு பஸ்ஸின் அதிகபட்ச வேகத்தையும் அதில் ஏறக்கூடிய அதிகபட்சக் கூட்டத்தையும் சேர்த்து எழுதுவதைப் போன்றது. கூட்டம் நிரம்பிய பஸ் அந்த வேகத்தில் மாஞ்சோலை மலைப்பாதையில் ஏறுமா என்று யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது விளம்பரத் தாளை அல்ல, அந்தந்த மாடலின் செயல்திறன் அட்டவணையை. அதில் ஒவ்வொரு ஹெட்டுக்கும் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். ஒழுங்கான கம்பெனி எதுவாக இருந்தாலும் கேட்டால் தருவார்கள். மூன்று அட்டவணைகளிலும் உங்கள் தோட்டத்துக்கு உரிய ஹெட்டில் மட்டும் விரலை வைத்துப் பாருங்கள். அலகுகள் மூன்று விதமாக இருப்பதால் முதலில் ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்: வினாடிக்கு ஒரு லிட்டர் என்பது நிமிடத்துக்கு 60 லிட்டர், அதுவே மணிக்கு 3.6 கனமீட்டர். உங்கள் இரண்டாவது கம்பெனியின் 3.5 என்பது 210 லிட்டர். மூன்றாவதன் 25 என்பது ஏறத்தாழ 417 லிட்டர்.

உங்கள் தோட்டத்துக்கு உரிய ஹெட்டைக் கண்டுபிடிக்க மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது போருக்குள் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பது. மோட்டாரை நிறுத்தியிருக்கும்போது நிற்கும் மட்டம் இதற்கு உதவாது, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்பதும் உதவாது. இரண்டாவது, சொட்டுநீர் ஃபில்டருக்கு முன்னால் உள்ள கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்பது; ஒரு கிலோ அழுத்தத்தைப் பத்து மீட்டராகக் கொள்ளலாம். மூன்றாவது, குழாயின் உராய்வு. நிமிடத்துக்கு 130 லிட்டர் அளவில் தண்ணீர் போகும்போது உள்விட்டம் இரண்டங்குலம் உள்ள குழாயில் நூறு மீட்டருக்கு மூன்று மீட்டர்தான் உராய்வு. ஒன்றரை அங்குலக் குழாயாக இருந்தால் அதே நூறு மீட்டருக்கு ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர். குழாயில் மிச்சம் பிடித்துவிட்டு மோட்டாரைக் குறை சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஸ்டேஜ் என்பது தண்ணீரை உந்தும் ஒரு சக்கரம், அதாவது ஒரு இம்பெல்லர். ஒவ்வொரு இம்பெல்லரும் தன் பங்குக்கு உயரத்தைக் கூட்டுகிறது. தண்ணீரின் அளவைக் கூட்டுவதில்லை. எச்பி மாறாமல் ஸ்டேஜை மட்டும் கூட்டினால் உயரம் கிடைக்கும், தண்ணீர் குறையும். ஆகவே பதினைந்து ஸ்டேஜ் பத்து ஸ்டேஜைவிட உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. 60 மீட்டர் ஹெட் உள்ள தோட்டத்தில் உங்கள் முதல் மோட்டாரே இரண்டாவதை எளிதாக வென்றுவிடக்கூடும்.

கம்பெனிக்காரர் தரும் அட்டவணையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. வினாடிக்கு வரும் லிட்டரை மீட்டர் கணக்கிலான ஹெட்டால் பெருக்கி 75-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேரும் எச்பி கிடைக்கும். மோட்டாரின் எச்பியில் அது பாதியைச் சற்றே தாண்டியிருந்தால் இயல்பு. எண்பது சதவீதம் வந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு கம்பெனியைப் பாருங்கள்.

இறுதியாக, போர் எவ்வளவு தண்ணீர் கொடுக்கும் என்று தெரியாமல் ஏழரை எச்பியைத் தொடவே வேண்டாம். போர் போட்டபோது வெளியே வரும் தண்ணீரை வி வடிவ வெட்டுள்ள தகட்டில் வழியவிட்டு எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லியிருப்பார்களே, அது நினைவிருக்கிறதா?

முருங்கைத்தோட்டம் (திசையன்விளை)

மிக்க நன்றி ஐயா. போர் போட்ட வண்டிக்காரர் மூன்று அங்குலம் என்று எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. மின் இணைப்பு ஐந்து எச்பிக்கு வாங்கியது. மற்ற அளவுகளை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு எழுதுகிறேன்.

காயில் கட்டுகிறவர் (நாங்குநேரி)

பாளையங்கோட்டை ஐயா பம்பைப் பற்றி எழுதியதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கருகியது பம்பு அல்ல, மோட்டார். அதற்கான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தக் கம்பெனி மோட்டாரை இறக்கினாலும் அதுவும் என் பட்டறைக்கே வரும்.

மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டரில் வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று காலை, மதியம், இரவு மூன்று வேளையும் குறித்து வையுங்கள். மோட்டார் 415 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவில் உள்ள தோட்டங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போடும்போது 350-க்கு இறங்குவதை நான் பல முறை அளந்திருக்கிறேன். மோட்டாரின் திருகு விசை வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், 350 வோல்ட்டில் அது ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடுகிறது. சுமை குறையாதபோது மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கிறது, காயில் சூடாகிறது, மேல்பூச்சு முறுகி ஒரு நாள் புகைந்துவிடுகிறது. ஆகவே மூன்று கொட்டேஷன்களிலும், எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை ஓடும் என்று எழுத்தில் கேளுங்கள். 300 முதல் 440 வரை தாங்கும்படி காயில் வடிவமைத்த மாடல்கள் கிடைக்கின்றன. ஒரே கம்பெனியிலேயே அந்த மாடலும் சாதாரண மாடலும் ஒரே நிறத்தில், ஒரே நீளத்தில் இருக்கும். பெயர்த்தகட்டைப் படிக்காமல் வாங்கினால் எது வந்தது என்று தெரியாது.

காயில் கம்பி செம்புதானா, மோட்டாருக்குள் தண்ணீர் நிரப்புவதா எண்ணெய் நிரப்புவதா என்பதையும் கேளுங்கள். தண்ணீர் நிரப்பும் மோட்டாரை நம் ஊர்ப் பட்டறையிலேயே திரும்பக் கட்டலாம். எண்ணெய் மோட்டாரில் சீல் போய்விட்டால் எண்ணெய் போருக்குள் கலக்கும். இது என் சொந்தக் கருத்து. என் பிழைப்புக்கு ஏற்ற கருத்து என்று நினைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கொட்டேஷனில் கேபிளை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து எச்பி மோட்டார் ஏறத்தாழ பத்து ஆம்பியர் எடுக்கும். உங்கள் ஆழத்துக்கு 125 மீட்டர் கேபிள் வேண்டியிருக்கும். அது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளாக இருந்தால் வழியிலேயே சுமார் 16 வோல்ட் போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் சுமார் 10 வோல்ட்தான் போகும். 415 வரும் ஊரில் இந்த ஆறு வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. 350 வரும் ஊரில் அது காயிலின் ஆயுள். மலிவான கொட்டேஷன் மலிவாக இருப்பதற்குக் காரணம் பல நேரங்களில் மோட்டார் அல்ல, கேபிள்தான். அதைத் தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லிவிட்டு மூன்றையும் ஒப்பிடுங்கள்.

உவரிப்பக்கம்

கடலோரத்துக்காரன் என்பதால் எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பழைய பம்பைக் கழற்றும்போது இம்பெல்லரை வெளியே எடுத்துப் பாருங்கள். என் பம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லரின் விளிம்பு வெற்றிலை நுனியைப் போல மெலிந்து, விரலை வைத்தால் கீறும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அது தேரி மணலின் (எங்கள் பக்கத்துச் செம்மணல்) வேலை. எங்கள் பகுதியில் மணலோடு உப்பும் சேர்ந்து வருகிறது. உப்பு கூடிய தண்ணீரில் 304 வகை ஸ்டீலில் ஊசி குத்தியதைப் போலச் சிறு குழிகள் விழும். 316 வகையில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது கூடுதலாகத் தாங்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். நோரில் பிளாஸ்டிக் இம்பெல்லருக்கு உப்பால் ஒன்றும் ஆகாது. ஆனால் தண்ணீரில்லாமல் சில நிமிடங்கள் ஓடிச் சூடேறினால் உருகி ஒட்டிக்கொள்ளும். கொட்டேஷனில் "எஸ்எஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த எஸ்எஸ் என்று கேளுங்கள். முதலில் தண்ணீரைப் பரிசோதித்து உப்பளவைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தோட்டம் மேற்கே இருப்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லாமலும் போகலாம்.

களக்காடு ஏத்தன்வாழை

தம்பி, இவர்கள் எல்லாரும் சொன்ன பிறகு ஒரு பெண்பிள்ளை சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சென்ற முறை ஒப்பிட்டபோது எல்லா எண்களையும் பார்த்தேன். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. சித்திரை மாதத்தில் ஒரு புஷ் (தண்டு சுழலும் வளையம்) தேய்ந்துபோய், அந்தக் கம்பெனியின் புஷ் இங்கே எந்தக் கடையிலும் இல்லாமல், வெளியூரிலிருந்து வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. குலை தள்ளும் பருவத்தில் இருந்த எழுநூறு ஏத்தன் வாழைக்குப் பக்கத்துத் தோட்டத்து மதினி இரவில் தண்ணீர் விட்டுத்தான் காப்பாற்றிக் கொடுத்தாள். உங்கள் மூன்று கம்பெனிகளில் யாருடைய இம்பெல்லரும் புஷ்ஷும் வள்ளியூர்க் கடைகளில் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கின்றன என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வாரண்டி ஒன்றரை ஆண்டா இரண்டு ஆண்டா என்பதைவிட அது முக்கியம். காயில் கருகினால் வாரண்டி உண்டா என்பதையும் கேளுங்கள்; பலர் அதைச் சிறிய எழுத்தில் விலக்கி வைத்திருப்பார்கள்.

முருங்கைத்தோட்டம் (திசையன்விளை)

அனைவருக்கும் நன்றி. நேற்று நானும் மகனும் சேர்ந்து அளந்த அளவுகளை எழுதுகிறேன்.

இரட்டைக் கம்பியின் முனையில் சிறிய இரும்புத் துண்டு ஒன்றைக் கட்டிப் போருக்குள் இறக்கி, மறுமுனையை மல்டிமீட்டரில் இணைத்தோம்; முனை தண்ணீரைத் தொட்டவுடன் மீட்டரின் முள் அசைந்தது. மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் 140 அடி. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு 230 அடி. அதற்குக் கீழே இறங்கவில்லை. சென்ற கோடையில் ஓட்டத்தில் 280 அடி வரை போனதாக மோட்டார் இறக்கியவர் சொன்னது நினைவிருக்கிறது. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் கடைமடைக் குளங்கள் வரை வந்து சேரும் ஆண்டுகளில் இவ்வளவு இறங்காது. ஆனால் அதை நம்பி மோட்டார் வாங்க முடியாது. ஃபில்டருக்கு முன்னால் கேஜ் ஒன்றரைக் கிலோ காட்டுகிறது. குழாய் முழுவதும் இரண்டங்குலம். மேலும் கீழும் சேர்த்து 150 மீட்டர். இருநூறு லிட்டர் டிரம் 110 வினாடியில் நிரம்பியது. வோல்ட் காலை ஏழு மணிக்கு 395, மதியம் 348, இரவு 380.

பழைய பம்புக்காரர் (பாளையங்கோட்டை)

இவ்வளவு ஒழுங்காக அளந்து எழுதுகிறவர்கள் அரிது. இனி கணக்கு எளிது. 230 அடி என்பது 70 மீட்டர், கேஜுக்கு 15, உராய்வுக்கு 5. மொத்தம் 90 மீட்டர். கோடையில் 280 அடிக்கு இறங்கினால் 85 மீட்டர். ஆக மொத்தம் 105. அட்டவணைகளில் இந்த இரண்டு ஹெட்டுகளையும் பார்த்து எழுதுங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் தவறிவிடுவீர்கள்.

வி தகட்டில் மூன்று அங்குலம் என்பது, வெட்டு செங்கோணமாக இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 130 லிட்டர். இரண்டு அங்குலமாக இருந்திருந்தால் வெறும் 48 லிட்டர்தான். அங்குலம் ஒன்று கூடும்போது தண்ணீர் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டே முக்கால் மடங்கு கூடும். இது தெரியாமல் "இரண்டுதானே, மூன்றுதானே" என்று பேசுவார்கள். போரின் ஊற்று 130 என்றால் அதற்கு மேல் இழுக்கும் எந்த மோட்டாரும் உங்களுக்குக் கேடுதான். டிரம் கணக்குப்படி இப்போதைய மோட்டார் 109 லிட்டர் தருகிறது. தேய்ந்த பம்புக்கு அது மோசமில்லை.

முருங்கைத்தோட்டம் (திசையன்விளை)

மூன்று கம்பெனிகளின் அட்டவணைகளும் வந்துவிட்டன. முதல் கம்பெனி 90 மீட்டரில் 120 லிட்டர், 105 மீட்டரில் 60 லிட்டர். இரண்டாவது 90-இல் 140, 105-இல் 125. மூன்றாவது ஏழரை எச்பி 90-இல் 230. 75-ஆல் வகுத்துப் பார்த்தேன்; இரண்டாவதன் கணக்கு 56 முதல் 58 சதவீதத்துக்குள் நிற்கிறது. 330-க்கும் 210-க்கும் இடையே இருந்த வித்தியாசத்தைப் பார்த்து முதல் கம்பெனிக்கு முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போயிருந்தேன். இன்றைய மட்டத்தில் 120-ஐப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு, சித்திரையில் 60 லிட்டரோடு நின்றிருப்பேன்.

பழைய பம்புக்காரர் (பாளையங்கோட்டை)

ஏழரை எச்பி 230 லிட்டர் இழுத்தால் 130 ஊறும் போரில் மட்டம் மோட்டார் வரை இறங்கி, காற்றை உறிஞ்சும். "கஷ்டப்படாமல் ஓடும்" என்று கடைக்காரர் சொன்னது அந்த ஓட்டம்தான் போலும். அதோடு, இணைப்பின் சுமையைக் கூட்ட மின்வாரியத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவதையே எடுங்கள். இன்றைய மட்டத்தில் அதன் 140 ஊற்றைவிடச் சற்றே கூடுதல் என்பதால் கேட்வால்வைக் கொஞ்சம் திருகி 130-இல் நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரில், தண்ணீரில்லாமல் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பும் ஒரு ஃபேஸ் போனால் நிறுத்தும் கருவியும் கட்டாயம் இருக்கட்டும். பெயர்த்தகட்டில் ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தர முத்திரையும், அதன் கீழே ஹெட், நீரளவு எண்களும் அட்டவணையோடு பொருந்துகின்றனவா என்று பெட்டியைப் பிரித்த இடத்திலேயே பாருங்கள். மின்சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரை இருந்தால் நல்லது; 1990-இலிருந்து தோட்டத்து மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் கூடுதல் தண்ணீர் எடுக்கவும், காயில் சூடாகாமல் இருக்கவும் அந்தத் திறன்தான் உதவும்.

முருங்கைத்தோட்டம் (திசையன்விளை)

இரண்டாவது கம்பெனியில் 300 முதல் 440 வோல்ட் மாடல் கேட்டிருக்கிறேன். ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதல். அவர்கள் கொட்டேஷனில் 2.5 கேபிள் போட்டிருந்தார்கள், அதை 4 ஆக மாற்றச் சொல்லிவிட்டேன். களக்காட்டு அக்கா சொன்னபடி வள்ளியூருக்குப் போய் வந்தேன்; இரண்டு கடைகளில் அந்த மாடலுக்கான புஷ் இருந்தது, இம்பெல்லர் ஒரு கடையில் இருந்தது. காயில் கருகினால் வாரண்டி இல்லை என்பது சிறிய எழுத்தில்தான் இருந்தது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வந்ததும் எந்த எஸ்எஸ் என்பதை உவரி நண்பரிடம் கேட்பேன். வரும் வியாழக்கிழமை மோட்டார் இறக்குகிறோம். இறக்கிய அன்றே டிரம்மை வைத்து நேரம் எடுத்து இங்கே எழுதுகிறேன்.